வீடற்றோர் புகலிடத்தில் நோயாளர் பணி

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. மனிதன் குடியிருக்கும் மனை ஒன்று. அறம், பொருள், இன்பம் ஆகிய மூன்றையும் கடந்தபின் அவன் எய்தும் பேறு மற்றொன்று. இவ்விரண்டில் முதலாவதையே காணாமல் வாழ்நாளைக் கழிப்பவர்கள் நம்மிடையே இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் நோயுற்றால் என்ன நேர்கிறது, அவர்களுக்குப் பணி செய்கிறவள் நாள்தோறும் எதைக் காண்கிறாள் என்பன பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். என் பெற்றோர் அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து பிழைப்பை நாடி வந்தவர்கள். இப்போது நெருளில் குடியிருக்கிறேன். 1970ஆம் ஆண்டில் சிட்கோ என்னும் நகரமைப்பு நிறுவனம் தோன்றி, தாணே கடற்கழிக்குக் கிழக்கே நவி மும்பையை உருவாக்கத் தொடங்கியபோது, நெருள் ஆக்ரி, கோலி மக்கள் வாழ்ந்த ஒரு சிற்றூர். இன்று அங்கே வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன. அகன்ற சாலைகள் ஓடுகின்றன. ஹார்பர் வழி ரயிலில் ஏறினால் கழியைக் கடந்து செம்பூருக்கும், குர்லாவில் வண்டி மாறி மாதுங்காவுக்கும் போய்ச் சேரலாம். அந்த மாளிகைகளுக்குக் கல் சுமந்தவர்களிலும், காவலிருந்தவர்களிலும் சிலர் முதுமையில் மேம்பாலங்களின் அடியில் படுத்திருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். நெருளுக்கு அருகே அத்தகையோருக்கென நடைபெறும் ஒரு புகலிடத்தில் நான் செவிலியருக்குத் துணையாகப் பணிபுரிகிறேன்.

2011ஆம் ஆண்டின் குடிமதிப்பின்போது இந்தியா முழுவதிலும் வீடற்றோர் 17 இலட்சத்துக்கு மேல் இருந்தனர். மும்பை மாநகரில் மட்டும் ஏறத்தாழ 57 ஆயிரம் பேர். இரவில் ஓரிடம், பகலில் வேறோரிடம் என அலைகிறவர்களை எண்ணுவது எளிதன்று. ஆதலால் உண்மைத் தொகை இதனினும் கூடுதலாக இருக்கும் என்றே இத்துறையில் உழைப்பவர்கள் கருதுகிறார்கள். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டில்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் மாண்ட செய்தி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பெருநகரங்களில் இலட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், இரவும் பகலும் திறந்திருக்கும் புகலிடங்கள் வேண்டும் என்ற நெறி அதன் பின்னரே வலுப்பெற்றது. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம், ஒரு புகலிடத்தில் குறைந்தது 50 பேருக்கு இடம் வேண்டும் என்றும், ஒருவருக்கு 50 சதுர அடி வேண்டும் என்றும் வகுத்தது. ஐம்பது சதுர அடி என்பது ஒரு கட்டிலும், அதன் அருகே ஒருவர் நின்று பணி செய்யும் இடமும்தான். அந்த இடத்தில் நிற்பவளே நான்.

எங்கள் பணிக்கு இப்பகுதியில் வழங்கும் பெயர் 'மாவ்ஷி' என்பதாகும். மராத்தியில் சிற்றன்னை, பெரியன்னை என்று பொருள்படும் சொல் அது. ஆண்களாயின் 'மாமா' என்பார்கள். மருந்தைத் தீர்மானிப்பவர் மருத்துவர். அதனைக் கொடுப்பவர் செவிலியர். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், புண்ணைக் கழுவுதல், படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், காய்ச்சலையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறித்து வைத்தல் ஆகியவை எங்களுடையவை. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு, அது கவனித்தல். மருத்துவர் வாரத்தில் சில மணி நேரமே வருகிறார். நோயாளியின் அருகில் இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பவர்கள் நாங்கள். நாங்கள் காணாததை அவரும் காண இயலாது.

ஒருவர் புகலிடத்துக்குக் கொண்டுவரப்படும் முதல் நாளைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். பசித்து வந்தவருக்கு வயிறார உணவிட வேண்டும் என்பதே நம் மரபு. ஆனால் பல நாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரே வேளையில் மிகுந்த உணவை அளிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுதலை பெற்ற கைதிகளிற் பலர், பட்டினியால் இறவாமல், பட்டினி தீர்ந்தபோது இறந்தனர். பட்டினியில் தேய்ந்த உடல் திடீரென்று சோற்றைப் பெறும்போது, இரத்தத்திலுள்ள சில உப்புச் சத்துகள் விரைந்து குறைகின்றன, இதயம் தடுமாறுகிறது. ஆகவே முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல், பிறகு நீர்த்த கஞ்சி, சிறிது சிறிதாக, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கிறோம். தட்டை நீட்டிக் கெஞ்சுபவரிடம் 'இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள்' என்று கூறுவது இப்பணியில் மிகக் கடினமான செயல்களுள் ஒன்று.

அடுத்தது குளியல். மும்பையில் வீடற்றோரை வாட்டுவது குளிரன்று, மழை. ஆனி தொடங்கிப் புரட்டாசி வரையில் ஈரத்திலேயே கிடக்கும் பாதங்களில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து விடுகிறது. நீரிழிவு உள்ளவருக்கோ பாதத்தில் உணர்ச்சி இராது. கண்ணாடித் துண்டு தைத்தாலும் அறியார். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்த நிலையிலேயே பலர் எங்களிடம் வருகிறார்கள். செவிலியரின் மேற்பார்வையில் டர்பென்டைன் எண்ணெயைச் சில துளிகள் விட்டால் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒருநாளில் முடிவதில்லை. சொறி சிரங்கு இருப்பின், கழுத்திலிருந்து கால் விரல் வரையில் பெர்மெத்ரின் களிம்பைத் தடவி, இரவு முழுதும் விட்டு, மறுநாள் கழுவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் தடவ வேண்டும். ஒரே அறையில் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் செய்யாவிடில் பயனில்லை. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் இருந்தால் சளியைச் சோதனைக்கு அனுப்புவோம். முடிவு வரும்வரை அவர் கட்டிலைச் சன்னலோரமாகத் தள்ளிப் போடுவோம்.

தெருவில் தமக்குத் தாமே பேசிக்கொண்டு திரிபவரை நாம் உடனே 'பைத்தியம்' என்று சொல்லிவிடுகிறோம். மனநோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பது மெய்யே. அவர்களுக்கும் மருத்துவம் உண்டு. ஆயினும் அறிவு கலங்கிய ஒவ்வொருவரும் மனநோயாளர் அல்லர். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும், உப்புக் குறைந்தாலும், தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டினாலும், பி-12 என்னும் உயிர்ச்சத்து இல்லாவிடினும், தைராய்டு சுரப்பி சோர்ந்துபோனாலும் மனிதன் பேச்சும் நினைவும் தடுமாறி நிற்பான். இவற்றுட் பலவற்றை ஓர் இரத்தச் சோதனையே காட்டிக் கொடுத்துவிடும். இதனை நான் ஒரு பெரியவரிடமிருந்து கற்றுக்கொண்டேன். அவர் வரலாற்றைக் கூறாமல் இப்பேச்சை முடித்தல் முறையன்று. ஏனெனில் அதில் என் பிழையும் அடங்கியுள்ளது.

ஓர் ஆடி மாதத்தில், அடைமழை நாளில், ரயில் பாலத்தின் அடியிலிருந்து அவரைக் கொண்டுவந்தார்கள். முகம் ஊதியிருந்தது, தோல் வறண்டிருந்தது, கேட்ட கேள்விக்கு எம்மொழியிலும் விடையில்லை. இடக்காலில் பெரும் புண். மார்போடு ஒரு துணிமூட்டையை அணைத்திருந்தார். சேற்றிலும் மழையிலும் ஊறி அது தாங்கொணா நாற்றம் வீசியது. குளிப்பாட்ட வேண்டுமாயின் மூட்டையை வாங்க வேண்டும். அவர் விடவில்லை. நான் அதட்டவில்லை, விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்து வாங்கினேன். அவ்வளவு பதமாக வாங்கியதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. பிறகு அதனை அவிழ்த்தும் பாராமல் கறுப்புப் பையிலிட்டுக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் காலை இழுத்துக்கொண்டு, கரகரத்த குரலில், "பைய, தாயி, பைய" என்றார். என் கை நின்றுவிட்டது. மெதுவாக என்பதற்குப் 'பைய' என்று சொல்பவர்கள் எங்கள் தென்பாண்டிச் சீமையார். என் பாட்டி சொன்ன சொல் அது. அதற்குள் இரத்தச் சோதனையின் முடிவும் வந்திருந்தது. அவருடைய தைராய்டு சுரப்பி ஏறக்குறைய ஓய்ந்தே போயிருந்தது. நாளொன்றுக்கு ஒரு சிறு மாத்திரை. காலையில், வெறும் வயிற்றில். அவ்வளவே மருந்து. ஆனால் அது பயனளிக்க மாதங்கள் ஆகும். நான் ஒவ்வொரு நாளும் அவருடன் தமிழில் பேசினேன். ஐப்பசியில் முக வீக்கம் வடிந்தது. கார்த்திகையில் தாமாகவே சாப்பிட்டார். ஊர்ப்பெயரைக் கேட்டால் மட்டும் நெடுநேரம் யோசித்துத் தலையை அசைத்துவிடுவார்.

தை பிறந்தபோது உணவுடன் அப்பளம் பரிமாறினோம். அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்க ஊருல பாயில காயப் போடுவாக" என்றார். "தாத்தா, கல்லிடைக்குறிச்சியா?" என்று கேட்டேன். அப்பளத்துக்குப் பேர்போன அந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கு அடுத்தது. என் பெற்றோர் வாயிலாக நான் நூறு முறை கேட்டது. அவர் முகம் மலர்ந்தது. பத்து நாட்களில் காவல்துறையின் உதவியால் அவருடைய தமக்கை மகனைத் தொலைபேசியில் பிடித்தோம். அந்த இளைஞர் முதலில் அழுதார். பிறகு, "அம்மா போன மார்கழியிலதாங்க தவறிட்டாங்க" என்றார்.

பெரியவர் செய்தியைக் கேட்டு நாளையும் திதியையும் மட்டும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். மாலையில் என்னை அழைத்து, "என் மூட்டை எங்க தாயி? அதுல அக்கா போட்ட காயிதம் இருந்துச்சு" என்றார். அதனை எறிந்தவள் நான்தான் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குப் படிக்கத் தெரியாது. தமிழ் தெரிஞ்ச ஆளு யாராச்சும் வந்தா படிக்கச் சொல்லணும்னு வெச்சிருந்தேன்" என்றார்.

நேயர்களே, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அந்த உறையின் மேல் முகவரி இருந்திருக்கும். ஆடியில் நான் மூட்டையை அவிழ்த்திருந்தால் ஆவணிக்குள் அவர் தமக்கையைக் கண்டிருப்பார். கடிதத்தை எழுதியவர் அந்த மருமகனே. தாயார் சொல்லச் சொல்ல எழுதினாராம். 'வயதாகிவிட்டது, இனி வேலை வேண்டாம், ஊருக்கு வந்துவிடு' என்பதே அதன் சாரம். மருமகன் நேரில் வந்து, "வாங்க மாமா" என்று கைப்பிடித்து அவரை அழைத்துச் சென்றார். கால் புண் ஆறியிருந்தது. மாத்திரையை உண்ணும் முறையை இருவருக்கும் சொல்லி அனுப்பினோம். என் ஏடுகளில் அது வெற்றி என்றே பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த மார்கழி எந்த ஏட்டிலும் இல்லை.

அதன்பின் எங்கள் புகலிடத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யாருடைய மூட்டையையும் அவர் அறியாமல் எறிவதில்லை. கையுறை அணிந்து, அவர் கண்முன்னே அவிழ்த்து, தாள், புகைப்படம், சாவி, தாயத்து, எதுவாயினும் துடைத்து உலர்த்தி, அவர் பெயரோ எண்ணோ எழுதிய பையிலிட்டு அவர் கட்டிலிலேயே கட்டிவைக்கிறோம். அழுகிய துணியாயின், புதுத்துணியைக் கையில் கொடுத்த பின்னரே பழையதைக் கேட்கிறோம். இதற்கு ஆகும் நேரம் கால் மணி. தூய்மை வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், எல்லாம் இழந்த ஒருவன் எதை மட்டும் இழக்க மறுக்கிறானோ, அதில்தான் அவன் யார் என்பது இருக்கிறது.

இப்பணி புதியதன்று. 1952ஆம் ஆண்டில் அன்னை தெரசா கல்கத்தாவின் காளிகாட்டில், தெருவில் உயிர்விடும் நிலையிலிருந்தவர்களுக்காக நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் திறந்தார். அவருடைய சபையே 1976ஆம் ஆண்டில் பம்பாயின் பைகுல்லாவில் ஆஷா தான் இல்லத்தைத் தொடங்கியது. 1988ஆம் ஆண்டில் பம்பாயில் மருத்துவர் பரத் வட்வானியும் அவர் துணைவியாரும், தெருவில் திரியும் மனநோயாளருக்காகச் சிரத்தா என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தினர். தேங்காய்ச் சிரட்டையால் சாக்கடை நீரை மொண்டு குடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைக் கண்டதே அதற்குத் தூண்டுதல். அவர் ஆந்திரத்தைச் சேர்ந்த, மருத்துவ ஆய்வுக்கூடக் கல்வி பெற்றவர் என்பது குணமடைந்த பின்னரே தெரிந்தது. கர்ஜத்தில் இன்று நடைபெறும் அவர்களுடைய இல்லத்திலிருந்து நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பியுள்ளனர். 2018ஆம் ஆண்டில் வட்வானிக்கு மகசேசே விருது கிடைத்தது. சென்னையில் 1993ஆம் ஆண்டு முதல், தெருவில் விடப்பட்ட பெண்களுக்காகப் பான்யன் நிறுவனம் உழைத்து வருகிறது.

மறுபுறமும் உண்டு. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம் வறியவனைக் குற்றவாளியாகக் கருதியது. செம்பூரிலுள்ள இரவலர் இல்லம் அச்சட்டத்தின் வழியில் வந்ததே. டில்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த அச்சட்டத்தின் பெரும்பகுதியை 2018ஆம் ஆண்டில் டில்லி உயர்நீதிமன்றம் அங்கே செல்லாததாக்கியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், நம் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். கூரையும் உணவும் கொடுத்துவிட்டால் மட்டும் ஓர் இடம் புகலிடம் ஆகிவிடாது. வாயில் திறந்திருக்க வேண்டும். உள்ளிருப்பவன் 'வேண்டாம்' என்று சொன்னால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும்.

நேயர்கள் செய்யக்கூடியது என்ன என்று கேட்கலாம். சிலவற்றை மட்டும் கூறுகிறேன். தெருவில் உணர்வின்றியோ, ஆறாத புண்ணுடனோ கிடப்பவரைக் கண்டால், மகாராட்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் ஆம்புலன்சு வரும். ஆதரவற்ற முதியவராயின் 14567 என்ற எண் உண்டு. மனம் கலங்கித் திரிபவராயின், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் கடமையைக் காவல்துறைக்கு விதித்திருக்கிறது. அவரைச் சிறையிலோ காவல் அறையிலோ அடைக்கலாகாது. காணாமற்போனவர் என்று பதிவு செய்து குடும்பத்தையும் தேட வேண்டும். இதனை அறிந்த ஒரு குடிமகன் காவல் நிலையத்தில் பணிவாக எடுத்துச் சொன்னாலே பல காரியங்கள் நடைபெறும்.

இன்னொன்று, குறிப்பாக வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நெருளிலும் நமக்குக் கோயில்கள் உண்டு, சங்கங்கள் உண்டு, பள்ளிகளும் உண்டு. இவற்றில் கூடுகிறவர்களுள் ஒருவர், மாதத்தில் ஒருநாள், அருகிலுள்ள புகலிடத்துக்கு வந்து கட்டில் கட்டிலாகச் சென்று தமிழில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும். பணமோ பண்டமோ கொண்டுவர வேண்டியதில்லை. ஊமை என்று நாங்கள் எழுதி வைத்திருப்பவர் ஒருவேளை ஊமையாக இருக்கமாட்டார். தெலுங்கரும் வங்காளியரும் ஒடியரும் தத்தம் மொழியினருக்கு இதனையே செய்யலாம். நோயறிவதற்குரிய கருவிகளில் தாய்மொழியும் ஒன்று.

எனக்கு இப்போதும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆண்டுக்கொருமுறை ஒரு பொதி வருகிறது. உள்ளே அப்பளம் இருக்கும். மேலே மருமகன் கையால் எழுதிய நாலு வரிக் கடிதம் இருக்கும். அதனைப் புகலிடத்துக்கு எடுத்துச் சென்று எல்லார்க்கும் பொரித்துக் கொடுக்கிறோம். கடிதத்தை மட்டும் நான் எறிவதில்லை.